டம்ளரின் மேல் ஒரு ஸ்பூன்

இஸ்தான்புல்காரர்கள் எதற்கு வேண்டுமானாலும் கட்சி பிரிந்து சண்டை போடுவார்கள். கால்பந்துக்கு, தேர்தலுக்கு, கடலின் எந்தக் கரையில் குடியிருப்பது நல்லது என்பதற்கு. சாப்பாட்டுப் பிரியர்களிடம் இன்னொரு சண்டையும் உண்டு. சிர்கெஜியில் இருக்கும் சபிஹாவின் கடையா, கதிக்கோய் பகுதியில் இருக்கும் ரூஸ்தமின் கடையா?

அங்கே கணப்பின் முன்னே படுக்கைவாட்டில் சுழலும் ஆட்டிறைச்சி, இங்கே நெத்திலி பரப்பிச் சுட்ட சோறு. இறைச்சியையும் மீனையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பத்திரிகைகள் வருஷாவருஷம் பட்டியல் போட்டன. ஒரு வருஷம் அவள் மேலே, மறு வருஷம் இவர் மேலே.

இந்தச் சண்டையில் வாயே திறக்காத ஒரு ஆள் நெஹிர். சபிஹா அவள் அம்மா. ரூஸ்தம் அவள் அப்பா.

இது வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்பது வயதாகும் வரை உஸ்குதாரில் ஒரே கடைதான் இருந்தது, ஒரே அடுப்பு. பிறகு அம்மா கடலைத் தாண்டி ஐரோப்பியக் கரையில் சிர்கெஜிக்குப் போய்விட்டாள், அப்பா ஆசியக் கரையிலேயே கதிக்கோய்க்குக் கடையை மாற்றிக்கொண்டார், நீதிமன்றம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அம்மா கதிக்கோய் பக்கம் வந்ததில்லை, அப்பா சிர்கெஜியை எட்டிப் பார்த்ததில்லை. நடுவில் படகில் போய் வந்துகொண்டிருந்தவள் நெஹிர் மட்டும்தான். பள்ளிக்கூடப் பையோடு, பிறகு கல்லூரிப் பையோடு, இப்போது கட்டிட வரைபடங்களைச் சுருட்டி வைத்த நீளக் குழாயோடு.

இப்போது அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. கோராய் பல் மருத்துவன், இஸ்மிர்க்காரன், நல்ல பையன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவும் அம்மாவும் இஸ்மிரிலிருந்து வருகிறார்கள். பெண் வீட்டில் விருந்து சாப்பிட்டு, சிவப்பு ரிப்பனில் கோத்த இரண்டு மோதிரங்களை இருவர் விரலிலும் மாட்டி, ரிப்பனை வெட்டிவிட்டால் நிச்சயம் முடிந்தது.

பெண் வீடு எது என்பதில்தான் சிக்கல்.

"என் கடையிலதான்," என்றாள் அம்மா. "அந்தாளு கடைன்னா சொல்லிடு, போன்ல வாழ்த்திட்டு என் வேலையைப் பாக்கறேன்."

"பொண்ணு நிச்சயம் அப்பன் கூரைக்குக் கீழதான் நடக்கும்," என்றார் அப்பா. "அவ கடைன்னா எனக்கு நாற்காலி போடாதே."

இரண்டும் வெறும் மிரட்டல் இல்லை என்பது நெஹிருக்குத் தெரியும். அவள் பட்டமளிப்பு விழாவில் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அப்பா வாசல் வரை வந்து பூங்கொத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனவர். அந்தப் பூங்கொத்தை இன்று வரை அவளால் மறக்க முடியவில்லை. மோதிரம் மாற்றும் அன்றும் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் தன்னால் தாங்க முடியாது என்று கோராயிடம் சொன்னாள்.

"ஒண்ணு பண்ணுவோம்," என்றான் கோராய். "வியாழக்கிழமை ரெண்டு கடையிலயும் வாடிக்கையாளர் மாதிரி உக்காந்து சாப்பிடுவோம். எது நல்லா இருக்கோ அங்க வெச்சுக்கலாம். நியாயமா ஒப்பிட்டுப் பாத்தோம்னு சொன்னா தோத்தவங்க கோவிச்சுக்க முடியாது."

"பல்லு புடுங்கறவனுக்கு ருசி என்ன தெரியும்?"

"பல்லு இருந்தாத்தானே ருசி!"

இந்த யோசனை உதவாது என்று தெரிந்தும் அவள் சரி என்றாள். வேறு யோசனை அவளிடம் இல்லை.

வியாழன் மதியம் சபிஹாவின் கடை நிரம்பி வழிந்தது. கணப்பின் வெப்பத்தில் கன்னம் சிவந்து, வெள்ளை ஏப்ரனும் தலையில் இறுக்கிய துணியுமாக அம்மா இறைச்சியைச் சீவிச் சீவிக் கம்பிகளில் கோத்துக்கொண்டிருந்தாள். கிழக்கு மலைநாட்டு எர்ஸுரூம்காரி. கோபமும் அன்பும் ஒரே சத்தத்தில்தான் வரும்.

"வாங்க டாக்டரே! யாரோட பல்லைப் புடுங்கிட்டு வர்றீங்க?"

"இன்னிக்கு லீவு, அத்தை."

"மோதிரமே மாட்டல, அதுக்குள்ள அத்தையா? உக்காரு, உக்காரு."

தயிரும் கோதுமையும் போட்ட சூப் வந்தது. பிறகு கம்பிகள் வரத் தொடங்கின. அந்தக் கடையில் யாரும் இத்தனை கம்பி என்று கேட்டு வாங்குவதில்லை. தட்டு காலியாகக் காலியாக அடுத்தது வந்துகொண்டே இருக்கும், போதும் என்று நாமாகச் சொல்லும் வரை. கோராய் சொல்லவில்லை. அவன் முகம் வியர்த்து, இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை தளர்ந்த பிறகும் சொல்லவில்லை.

"சொல்லுடா," என்றாள் நெஹிர் அடிக்குரலில்.

"மாமியார் கையால வர்றதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"நீ சொல்லலைன்னா அவங்க நிறுத்தமாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கே கம்பி வரும்."

கடைசியில் அவன் நெஞ்சில் கை வைத்து, "போதும் அத்தை, உங்க கை நல்லா இருக்கணும்!" என்று கத்தினான். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள்.

பிறகு டீ வந்தது. இடை சிறுத்த கண்ணாடி டம்ளர், சின்னத் தட்டு, தட்டில் கெட்டியான சர்க்கரைக் கட்டிகள். ஸ்பூன் இல்லை.

சபிஹாவின் கடையைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இதைக் குறிப்பிடுவார்கள். இறைச்சிக்குக் குறையில்லை, சேவைக்குக் குறையில்லை, டீக்கு மட்டும் ஸ்பூன் கிடையாது. கேட்டாலும் கிடையாது.

"கலக்கறதுக்கு அத்தை...?"

"சர்க்கரையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு டீயை உறிஞ்சணும். எங்க ஊர்ல அப்படித்தான். கலக்கறதெல்லாம் உங்களை மாதிரி சொகுசுக்காரங்களுக்கு."

"என் பிழைப்பே இதனாலதான் நடக்குது," என்று கட்டியைப் பயத்தோடு கடித்தான் கோராய்.

நெஹிர் சிரிக்கவில்லை. உஸ்குதார் கடையில் அம்மா இதே கட்டியைக் கடித்துத்தான் டீ குடிப்பாள். ஆனால் அங்கே எல்லாத் தட்டிலும் ஸ்பூன் இருந்தது. ஸ்பூன்கள் டம்ளரில் படும் கிணிகிணி சத்தத்தில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். இந்தக் கடையில் அந்தச் சத்தம் இல்லை என்பது இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. வாடிக்கையாளராக உட்கார்ந்ததால் இருக்கலாம்.

படகில் கடற்காகங்கள் கூடவே பறந்தன. கோராய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மர பெஞ்சில் சாய்ந்தான்.

"இன்னொரு சாப்பாடு சாப்பிட்டா செத்துடுவேன்."

"யோசனை யாருது?"

"சரி, உள்ளதைச் சொல்லு. உங்கம்மா சமையல் அற்புதம். அப்பாவோடது அதைவிட நல்லா இருக்குமா?"

"ரெண்டு பேரையும் எனக்கு ஒப்பிடவே வராது கோராய். சின்ன வயசுல பக்கத்து வீட்டுக்காரங்க கேப்பாங்க, உனக்கு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமான்னு. நான் படகு பிடிக்கும்னு சொல்லுவேன்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ரூஸ்தமின் கடை மீன் சந்தைக்குப் பின்னால். கருங்கடல் கரை ரிசேக்காரர், மூக்கு நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். தேயிலை மலையில் பிறந்தவர், அதனால் டீயை மட்டும் வேறு கையில் விடமாட்டார். கல்லாவில் ஆள் இருக்கும், அடுப்பில் ஆள் இருக்கும், இரட்டை அடுக்குக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பவர் முதலாளிதான்.

"வாய்யா இஸ்மிர்! என்ன, நடக்க முடியாம வர்றே? அங்க சாப்பிட்டியா?"

"கொஞ்சம்தான் மாமா."

"அவ கொஞ்சம் கொடுத்து நான் பாத்ததில்ல," என்றார் ரூஸ்தம். சொன்ன பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் கெண்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

கோஸ்கீரை சூப் வந்தது, நெத்திலிச் சோறு வந்தது. வெளியே மொறுமொறுவென்று வெள்ளி மீன்கள், உள்ளே திராட்சையும் பைன் கொட்டையும் கலந்த சோறு. வயிறு வெடிக்கும் நிலையிலும் கோராய் கண்களை மூடி ரசித்தான். அம்மாவின் சமையல் நம்மைப் பிடித்து உட்காரவைத்து ஊட்டுகிறது, அப்பாவின் சமையல் எதிரே உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நெஹிருக்குத் தோன்றியது. ஆனால் இதைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் இது உதவாது.

டீ வந்தது, ஸ்பூனோடு. ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். காலியானதும் அப்பா கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கெண்டியோடு வந்து நின்று, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை... இங்கதானே?"

நெஹிர் பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள். கோராயும் யோசனையில் இருந்தான். யோசனையிலேயே கையிலிருந்த ஸ்பூனை எடுத்துக் காலி டம்ளரின் வாயில் குறுக்காக வைத்தான்.

ரூஸ்தம் அதைப் பார்த்தார். சாய்த்த கெண்டியை நிமிர்த்தினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

"சரி. புரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன ஆச்சு? நான் ஒண்ணும் சொல்லலையே!" என்றான் கோராய்.

"ஸ்பூனை எடுடா!" நெஹிர் பறித்துத் தட்டில் போட்டாள். "டம்ளர் மேல ஸ்பூனைக் குறுக்க வெச்சா போதும்னு அர்த்தம். இனிமே ஊத்தாதேன்னு அர்த்தம்."

"எங்க வீட்ல வாயாலேயே சொல்லிடுவோமே!"

அவள் சமையலறைக்கு ஓடினாள். அப்பா ஜன்னலோரம், கெண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து, முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"அப்பா, அவனுக்குத் தெரியாதுப்பா. சும்மா கையில இருந்ததை வெச்சுட்டான். அங்க மேய்ஞ்ச மேய்ச்சல்ல வயிறு தாங்கல, அவ்வளவுதான்."

"பரவால்ல விடு கண்ணு. எனக்கு இது புதுசில்ல."

"எது புதுசில்ல?"

அவர் கெண்டியை அடுப்பில் வைத்தார். துணியால் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா சிர்கெஜில கடை பாத்துட்டு வந்த அன்னிக்கு. மத்தியானக் கூட்டம் போயிடுச்சு. அவ ஜன்னலோரம் உக்காந்தா, நான் டீ ஊத்திக் கொடுத்தேன். ரெண்டு பேரும் பேசல. முந்தின வாரம் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. உள்ள வந்து இதே மாதிரி நின்னுக்கிட்டு யோசிச்சேன். போனாப் போகட்டும், இந்தக் கடையை மூடிட்டு நானும் அவ கூடவே அக்கரைக்குப் போயிடறேன்னு முடிவு பண்ணேன். இன்னொரு டம்ளர் ஊத்திட்டு, பக்கத்துல உக்காந்து, அதைச் சொல்லிடணும்னு கெண்டியைத் தூக்கிட்டு வந்தா..."

"வந்தா?"

"ஸ்பூன் குறுக்க இருந்துது."

நெஹிர் அவரையே பார்த்தாள். "அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? போதும்னுட்டா. திரும்பி வந்துட்டேன்."

"அவங்க டீயைப் போதும்னு சொன்னாங்கப்பா!"

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியாது. அவ முகத்தை நான் பாத்தேன்."

"வாயைத் தொறந்து கேட்டீங்களா?"

ரூஸ்தம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் வந்து நின்றிருந்த கோராய் மெல்ல, "மாமா, இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா?" என்று கேட்டான். அவனால் ஒரு சொட்டுகூட உள்ளே தள்ள முடியாது என்பது நெஹிருக்குத் தெரியும். அந்தக் கணத்தில்தான் இவனையே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் அவளுக்கு மிச்சமிருந்த துளிச் சந்தேகமும் போனது.

மாலையில் அவள் தனியாகச் சிர்கெஜிக்குத் திரும்பினாள். கடையில் இடைவேளை. அம்மா ஒரு மேஜையில் உட்கார்ந்து, இனிப்புக்காக வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தீர்ப்பு வந்துடுச்சா? அந்தாளு நெத்திலியா, என் கம்பியா?"

நெஹிர் எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல், அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். வால்நட் உடைக்கும் சத்தம் நின்றது.

"என்னது? என்னது?" என்றாள் சபிஹா.

"கூடவே வந்துடறேன்னு சொல்லத்தான் கெண்டியோட வந்தாராம். ஸ்பூனைப் பாத்துட்டுத் திரும்பிட்டாராம்."

"அடப்பாவி மனுஷா!" அம்மாவின் குரல் கடை முழுக்க எகிறியது. "அன்னிக்கு நான் கடை சொந்தக்காரன் வீட்ல ரெண்டு டம்ளர் குடிச்சேன். தரகர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். படகுல ஒண்ணு. இந்தாளு ஊத்தினது அஞ்சாவது! வயித்துல டீ குலுங்குச்சு! ஆறாவதை எங்க ஊத்தறது, காதுலயா?"

அவள் சிரித்தாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நெஹிரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அம்மாவின் சிரிப்பு எங்கோ ஓரிடத்தில் வழி தவறிப் போனது. அவள் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"நீங்களும் கேட்டிருக்கலாமே அம்மா, ஏன் திரும்பிப் போறேன்னு."

"அவன் முதுகைத்தான் பாத்தேன்." துணிக்குள்ளிருந்து வந்தது குரல். "கெண்டியோட வந்தான், என் டம்ளரைப் பாத்தான், திரும்பிட்டான். எனக்கு ஊத்தக்கூட மனசில்லாமப் போச்சுன்னு நினைச்சேன். பத்து வருஷம் வாயால சொன்னது எதுவும் அவன் காதுல ஏறல. நான் வேண்டாம்னு சொன்னதும் ஏறல, வேணும்னு சொன்னதும் ஏறல. அந்த ஸ்பூன் சொன்னது மட்டும் சட்டுனு கேட்டுடுச்சு பாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலித் தட்டுகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"இந்தக் கடை தொறந்தப்போ ஸ்பூனைப் பாத்தாலே எரிஞ்சுது. என் கடையில ஒரு ஸ்பூனும் பேசக்கூடாதுன்னு வெச்சேன். ஊர்ல எல்லாரும் எர்ஸுரூம் வழக்கம்னு நம்பிட்டாங்க. நானும் நம்பிட்டேன்."

எந்தக் கடை உசத்தி என்று நகரமே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மத்தியானம், ஒரு டம்ளர் டீ, ஒரு வார்த்தை. அவ்வளவு கிடைத்திருந்தால் இரண்டு கடையே இருந்திருக்காது என்று நெஹிர் நினைத்தாள். அப்படியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றும் யோசித்தாள். ஒரே அடுப்பின் முன் இந்த இருவரும்! அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்காமலே பிரிந்துபோனதுதான் வலித்தது.

திரும்பும் படகிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா கடையிலப்பா. உங்க சாப்பாடு குறைச்சல்னு இல்ல. நீங்க ஒரு தடவை அக்கரைக்கு வரணும்னு முடிவு பண்ணீங்கல்ல, அது பாக்கி இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. அன்னிக்கு அவங்களுக்கு அது அஞ்சாவது டம்ளராம்."

எதிர்முனையில் மீன் சந்தையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அஞ்சாவதா?" என்றார் ரூஸ்தம் கடைசியில். போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் கோராயின் அப்பாவும் அம்மாவும் பூங்கொத்தோடும் சாக்லேட் பெட்டியோடும் வந்தார்கள். சபிஹா இன்று விடுமுறை என்று கடைக்கு வெளியே பலகையைத் தொங்கவிட்டு, மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தாள். விருந்து அமர்க்களமாக நடந்தது. இஸ்மிர்ச் சம்பந்தி கம்பிகளை நிறுத்தச் சொல்லத் தெரியாமல் திண்டாடினார். "போதும்னு சத்தமாச் சொல்லுங்கப்பா, இங்க வாயாலதான் சொல்லணும்," என்று கோராய் கற்றுக்கொடுத்தான்.

மேஜையின் தலைப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் போட்டது சபிஹா.

சாப்பாடு முடிந்தது. வெள்ளித் தட்டில் மோதிரங்களும் ரிப்பனும் கத்தரிக்கோலும் வந்தன. கோராயின் அம்மா நெஹிரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரமில்ல கண்ணு, இருக்கட்டும்," என்றார். நெஹிர் கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அப்பா பூங்கொத்தோடு வாசல் வரை வந்து திரும்பியவர் என்பது நினைவில் குத்தியது.

கதவு திறந்தது. கல்யாணக் கோட்டு, சீவிய தலை, இரண்டு கையும் கொள்ளாத சாமான். கைகளில் துணி சுற்றிய இரட்டைக் கெண்டி, அக்குளில் ஒரு பொட்டலம்.

"படகுல ஒரே கூட்டம்," என்றார் ரூஸ்தம் பொதுவாக.

"பதினேழு வருஷமா கூட்டம் குறையலையாக்கும்?" என்றாள் சபிஹா, எழுந்திருக்காமல்.

"உன் கடையில டீ சரியிருக்காதுன்னு ஊரே சொல்லுது. சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? அதான் எடுத்துட்டு வந்தேன்."

"பொட்டலத்துல என்ன?"

அவர் பிரித்தார். உஸ்குதார் கடையின் பழைய ஸ்பூன்கள். கைப்பிடி நுனியில் சின்னத் துலிப் பூ.

சபிஹா அவற்றைப் பார்த்தாள். அடுப்பைக் கைகாட்டினாள். அவர் உள்ளே போனார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

மோதிரங்கள் ஏறின. கத்தரிக்கோலை நெஹிர் அப்பாவிடம் கொடுத்தாள், அவர் ரிப்பனை வெட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் கெண்டியை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். அந்தக் கடையில் முதல்முறையாகக் கிணிகிணி என்று ஸ்பூன்கள் பேசின. சம்பந்திக்கு ஊற்றினார், மாப்பிள்ளைக்கு ஊற்றினார், மகளுக்கு ஊற்றினார். கடைசியாகச் சபிஹாவின் பக்கம் வந்து நின்றார். அவள் டம்ளர் காலியாக இருந்தது. ஸ்பூன் அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

நெஹிர் அந்த ஸ்பூனையே பார்த்தாள். கோராய் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்தான்.

சபிஹா ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, டம்ளரை முன்னால் நகர்த்தினாள்.

"ஊத்து," என்றாள்.

அவர் ஊற்றினார். கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"பாத்து, கொதிக்குது," என்றார்.

"இருக்கட்டும்," என்றாள் சபிஹா, பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி. "ஆறற வரைக்கும் உக்காரு."